நம்பெருமாள் தங்கிய செஞ்சி

(திருக்கோயில் மண்டபத்தில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவண்ணாமலைக்குச் செல்லும் அடியவர் பலர் திண்டிவனத்திலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலையிற் பயணம் செய்வர். சற்றேறக்குறைய 28 கிலோமீட்டர் கடந்த அளவில், யாரோ பெருங்கற்களைக் கூடை கூடையாய் அள்ளி வந்து கொட்டினாற்போன்ற குன்றுகள் தோன்றும். அக்குன்றுகளின் முதுகின்மீது மதில் ஏறியும் இறங்கியும் ஓடும். பேருந்தின் பலகணி வழியே அதனைக் கண்ட பெரியோர், "அதோ பார், தேசிங்குராசன் கோட்டை!" என்று பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவர். பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதற்குள் பேருந்து கடந்துவிடும். பெரும்பாலோர் செஞ்சியைக் கண்டது அவ்வளவே.

இறங்கிக் காண்போரும் உளர். அவர்கள் கோட்டை வாயிலிற் கட்டணச் சீட்டுப் பெற்று, கல்யாண மகாலின் முன்னே நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டு, வெயில் தாளாமல் மலையின் பாதி வழியில் திரும்பி விடுவர். அவர்களையும் குறை கூறுவதற்கில்லை. இராசகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. கற்படிகள் செங்குத்தானவை, நிழல் அரிது. ஆயினும், செஞ்சி என்பது அம்மதிலும் அம்மாளிகையும் மட்டுந்தானா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வைணவ அடியார்க்கு அவ்வூர் ஒரு பெருங்கடமை ஆற்றியிருக்கின்றது. அதனை அறிந்தோர் இன்று சிலரே.

அந்நிகழ்ச்சி பதினான்காம் நூற்றாண்டைச் சார்ந்தது. 1323-ஆம் ஆண்டளவில் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கிற்று. மூலவர் திருமுன் கற்சுவர் எழுப்பி மறைக்கப்பெற்றது. உற்சவத் திருமேனியாகிய அழகிய மணவாளனைப் பிள்ளை உலகாசிரியரும் அவரைச் சார்ந்த சிலரும் இரவோடிரவாக எடுத்துச் சென்றனர். முதுமையும் தளர்ச்சியும் உற்ற அவ்வாசிரியர் மதுரைக்கு அண்மையிலுள்ள சோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். பெருமாளின் பயணமோ நிற்கவில்லை. பாண்டி நாடு, மலைநாடு, மேல்கோட்டை என்று காடும் மலையும் கடந்து, இறுதியிற் திருமலையிற் சென்று தங்கிற்று. தேரும் தெப்பமும் கண்ட பெருமான் மலைச்சரிவுகளில் ஒளிந்து வாழ நேர்ந்த காலம் அது. உடன் சென்றோரின் பெயர்களுள் பல நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் திருமேனி கிட்டிற்று.

அக்காலத்தே விசயநகர வேந்தரின் ஆணைப்படி செஞ்சியிலிருந்து ஆட்சி புரிந்த தலைவன் கோபணாரியன் என்பவன். அவன் அந்தண குலத்தவன். படை நடத்துவதிலும் வல்லவன். திருமலையில் இருந்த அரங்கனை வணங்கியவன், அப்பெருமானைத் தன் ஊர்க்கு எழுந்தருளச் செய்து, சில காலம் வைத்துப் போற்றி வழிபட்டான். பின்னர்க் கண்ணனூரில் இருந்த பகைப்படையை வென்று, 1371-ஆம் ஆண்டில், உபயநாச்சிமாரோடும் பெருமாளைத் திருவரங்கத்தில் மீளவும் நிலைபெறச் செய்தான். இச்செய்தியைக் கூறும் வடமொழிச் செய்யுட்கள் திருவரங்கத் திருக்கோயிலிற் கல்லிற் பொறிக்கப்பெற்றுள்ளன. அவற்றை இயற்றியவர் வேதாந்த தேசிகர் என்பது மரபு.

இங்கே நுணுகி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. கல்வெட்டு, பெருமாள் தங்கிய இடத்தைச் செஞ்சி என்றே பொதுப்படக் கூறும். திருவரங்கத்தின் வரலாறாகிய கோயிலொழுகு அவ்விடத்தைச் சிங்கபுரம் என்று குறிக்கும். சிங்கபுரம் என்பது செஞ்சிக்கு வடக்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இன்றைய சிங்கவரம். ஆகவே இரண்டும் முரண்படுவன அல்ல. ஒன்று நாட்டின் தலைநகரைச் சொல்லிற்று. மற்றொன்று நகரின் அருகிருந்த குன்றினைச் சொல்லிற்று. பகைவர்க்கு அஞ்சி அலைந்த பெருமானை மலையுச்சிக் கோட்டையினுள் வைத்துப் பூட்டாமல், அடியார் ஏறி வந்து வணங்கும் குன்றிலே எழுந்தருளச் செய்தனர் என்பதை அடியார்கள் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

திருவரங்கத்திற்கு மீண்டபோது நிகழ்ந்ததாகக் கோயிலொழுகு கூறும் செய்தி உருக்கமானது. இடைப்பட்ட நாற்பத்தெட்டு ஆண்டுகளில் அங்கே வேறொரு திருமேனி வழிபாட்டில் இருந்தது. பழைய திருமேனியைக் கண்டிருந்தோர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். வந்தவர் முன்னையவர்தாமா என்று துணிந்து சொல்லுவார் இல்லை. அப்போது கண்ணொளி இழந்த முதியவர் ஒருவரை அழைத்து வந்தனர். அவர் கோயில் ஆடைகளை வெளுக்கும் ஈரங்கொல்லி. முன்னாளில் பெருமாளின் திருமஞ்சன ஈரவாடைத் தீர்த்தத்தைப் பருகும் வழக்கமுடையவர். இரு திருமேனிகட்கும் திருமஞ்சனம் செய்து, அவ்வீரவாடைகளைப் பிழிந்த நீரை அவர்க்கு அளித்தனர். செஞ்சியிலிருந்து வந்த பெருமாளின் தீர்த்தத்தை நாவிற் கொண்டதும், "இவரே நம்பெருமாள்" என்று அவர் கூறினாராம். இன்றளவும் உலகம் வழங்கும் நம்பெருமாள் என்னும் திருப்பெயர் அம்முதியவர் வாயிற் பிறந்தது. ஏடறிந்தோர் தயங்கி நின்ற இடத்தில் ஆடை வெளுத்தவர் தெளிந்தார்.

இனி, செஞ்சிக்கு நேரே வருவோம்.

கோட்டை என்பது ஒரு மலையன்று. மேற்கே இராசகிரி, வடக்கே கிருட்டிணகிரி, தெற்கே சந்திரகிரி என மூன்று மலைகள். மூன்றையும் இணைக்கும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இராசகிரிக்குக் கமலகிரி, ஆனந்தகிரி என்ற பழம் பெயர்களும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆனந்தக்கோன் என்னும் இடையர்குலத் தலைவன் அங்கே முதலில் அரண் அமைத்தான் என்றும், அவன் வழிவந்த கிருட்டிணக்கோனின் பெயரே வடமலைக்கு வாய்த்தது என்றும் மரபு கூறும். பின்னர் விசயநகரத்தார்க்கு அடங்கிய நாயக்கர்கள் அதனைப் பெருநகராக்கினர். 1597-இல் அவ்வூரைக் கண்ட பிமெண்டா என்னும் ஏசு சபைத் துறவி, தம் நாட்டில் லிஸ்பன் ஒன்று நீங்கலாக அத்துணைப் பெரிய நகர் இல்லை என்னும் கருத்துப்பட எழுதினார். இன்று அவ்விடத்தே நடந்து செல்வோர்க்கு அது நம்புதற்கு அரியதாகவே தோன்றும்.

மலையேற விரும்பும் அன்பர், கோட்டை திறந்தவுடனே உள்ளே சென்றுவிடுதல் நலம். பிற்பகலில் ஏறத் தொடங்குதல் தகாது. குடிநீர் கையோடிருத்தல் வேண்டும். உணவுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுச் செல்வோரைக் குரங்குகள் நன்கறியும்! அடிவாரத்தில் நெற்களஞ்சியங்களும், படிப்படியாகக் குறுகி உயரும் கல்யாண மகாலும் உள்ளன. மகாலுக்குச் சுட்ட மண் குழாய்களின் வழியே நீர் கொணர்ந்தனர் என்பது கருதத்தக்கது. அவற்றைக் கடந்து ஏறினால், வழியிற் கமலக்கண்ணி அம்மன் திருக்கோயில் உள்ளது. செஞ்சி அம்மன் பெயரினாலேயே ஊர்ப்பெயர் அமைந்தது என்பாரும் உளர். கோட்டையை வென்றவர்தாம் அதற்குத் தத்தம் விருப்பம்போற் பெயரிட்டனர். பீசப்பூரார் பாதுஷாபாத் என்றனர். முகலாயர் நுஸ்ரத்கட் என்றனர். ஆங்கிலேயர் நாவுக்கு இசைந்தவாறு திரித்தனர். அப்பெயர்களெல்லாம் ஏட்டில் உள்ளன. ஊரார் நாவில் இருப்பது செஞ்சி. கமலக்கண்ணி அம்மனுக்கு ஆண்டுதோறும் திருவிழா எடுப்போரும் அவ்வூராரே.

உச்சியை அணுகும் முன்னர் ஆழ்ந்த பிளவொன்று குறுக்கிடும். முற்காலத்தில் வேண்டும்போது எடுத்துவிடத்தக்க மரப்பாலம் அங்கே இருந்தது. அதனை அகற்றிவிட்டால் உச்சி தனித்த தீவு போலாகும். ஒரு சிலரே நின்று பெரும்படையைத் தடுக்கலாம். பிளவைக் கடந்து மேலே சென்றால் அரங்கநாதர்க்கு அமைந்த சிறு கோயிலும், மணிக்கூண்டும், களஞ்சியமும் காணலாம். கிருட்டிணகிரியின் மேலும் அரங்கநாதர்க்குக் கோயில் உண்டு. நம்பெருமாள் தங்கிய நாட்டில் மலைதோறும் அரங்கன் பெயர் நின்றதில் வியப்பில்லை.

இத்துணை அரண் வாய்ந்த மலை எத்தனை பேர் கைக்கு மாறிற்று என்பதையும் உச்சியில் நின்றே எண்ணிப் பார்க்கலாம். 1649-இல் பீசப்பூர்ப் படை கொண்டது. 1677-இல் சிவாசி மன்னர் கைப்பற்றி மேலும் வலிமையூட்டினார். அவர் மைந்தர் இராசாராம், தம் நாட்டில் இருக்கவியலாது செஞ்சிக்கு வந்து புகுந்தார். 1690 முதல் ஏறத்தாழ எட்டாண்டு முகலாயப் படை முற்றுகையிட்டது. 1698-இல் கோட்டை விழுமுன் இராசாராம் தப்பிச் சென்றார். 1750-இல் பிரெஞ்சுக்காரர் ஒரே இரவிற் பிடித்தனர். 1761-இல் ஆங்கிலேயரிடம் சென்றது. 1780-இல் ஐதர் அலி கொண்டார். எட்டாண்டு தாங்கியதும் இதே மதில்தான். ஓர் இரவில் வீழ்ந்ததும் இதே மதில்தான். காவல் கல்லில் இல்லை, நிற்கும் ஆளில் இருக்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவ்வரிசையில் நடுவே வருபவன் தேசிங்கு. தேசிங்கு என்பது தேஜ்சிங் என்பதன் தமிழ் வழக்கு. பந்தேலர் குலத்துச் சொரூப்சிங்கின் மைந்தன். 1714-இல் தந்தை இறந்தபின் ஆட்சியேற்றான். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்குத் திறை செலுத்த மறுத்துப் போர் புரிந்து, அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் போர்க்களத்திற் பட்டான். அகவை இருபத்திரண்டு. ஆண்டது பத்துத் திங்களளவே. கூத்திலும் பாட்டிலும் முந்நூறு ஆண்டாக வாழ்கின்றான்.

அவனைப் பாடுவோர் அவன் நண்பன் மகபத்கானை மறவாமற் பாடுகின்றனர். மணக்கோலத்தில் இருந்தவன், நண்பனுக்குப் போர் வந்தது கேட்டு, மணமேடையை விட்டெழுந்து வந்து அவனோடு பொருது மாண்டான் என்பது கதை. ஒருவன் அரங்கனை வழிபட்டவன். மற்றவன் அல்லாவைத் தொழுதவன். பகைவனாகிய நவாபும், தேசிங்கின் தேவி உடன்கட்டை ஏறியதை அறிந்து மனம் வருந்தி, அவள் நினைவாக ஆர்க்காட்டிற்கு எதிர்க்கரையில் இராணிப்பேட்டை என்னும் ஊரை அமைத்தான் என்பர். கோட்டையினுள் உள்ள செட்டிக்குளத்தின் கரையில் தேசிங்கிற்கு எரியூட்டிய மேடை காட்டப்படுகின்றது. இளம்பெண் ஒருத்தி தீயிற் புகுந்த இடம் என்பதை நினைந்து, அங்கே ஆரவாரம் இன்றி நிற்பதே தகும்.

மலையிலிருந்து இறங்கிக் களைத்து வருவோர் வேங்கடரமணர் திருக்கோயிலில் அமரலாம். கீழ்க்கோட்டையிலுள்ள கோயில்களுள் அதுவே பெரிது. முத்தியாலு நாயக்கர் காலத்தில், பதினாறாம் நூற்றாண்டில், கட்டப்பெற்றது என்பர். கோபுர வாயிலின் இருபுறமும் இராமகாதையும், அமுதம் கடைந்த காட்சியும், திருமாலின் அவதாரங்களும் சிறு சிறு சிற்பங்களாக உள்ளன. கோபுரத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே உள்ளே நுழைவோர் அவற்றைத் தவற விடுவர்; வாயிலின் உட்சுவரை நோக்கி நின்றாலன்றிப் புலப்படா.

அக்கோயிலில் நாள்வழிபாடு நின்று நெடுங்காலம் ஆயிற்று. மண்டபத் தூண்களுட் சிலவும் இடம் பெயர்ந்தன. புதுச்சேரிக் கடற்கரையில் உலவச் செல்வோர், காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து எட்டுக் கருங்கற்றூண்கள் நெடிதோங்கி நிற்பதைக் கண்டிருப்பர். அவை பிரெஞ்சு ஆட்சிக் காலத்திற் செஞ்சியிலிருந்து கொண்டு செல்லப்பெற்றவை. வேங்கடரமணர் கோயிலைச் சார்ந்தவை என்பர். முன்னர் அங்கே டூப்ளேயின் சிலையை அணிசெய்தன. உளிபட்ட நாளில் அத்தூண்கள் யாருக்காகச் செதுக்கப்பெற்றன, இன்று எங்கே உப்புக்காற்றில் நிற்கின்றன! கடற்கரைக்குச் செல்லும் அன்பர் அவற்றின்மேற் சாய்ந்து இளைப்பாறும்போது ஒரு கணம் செஞ்சியை நினைத்தால் அது போதும்.

கோயில்களினுள் கரித்துண்டாலும் கூர்ங்கல்லாலும் தத்தம் பெயரை எழுதிச் செல்வோர் இன்றும் உளர். தூணைப் பெயர்த்துச் சென்ற அயலாரைப் பழிப்பதற்கு அவர்கட்கு உரிமை இல்லை. வழிபாடு நின்ற கோயிலாயினும், மிதியடியை நீக்கி உட்செல்வதற்கு யார் தடை? 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெஸ்கோ, மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலிற் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டிலுள்ளது செஞ்சி ஒன்றே. இனி வருவோர் தொகை பெருகும். எழுதும் கைகளும் பெருகுமோ என்பதே அச்சம்.

கோட்டையை விட்டு வடக்கே செல்லும்போது சிறுகடம்பூரை ஒட்டித் திருநாதர்குன்று உள்ளது. சமண சமயத்தார்க்குரிய இடமாயினும், தமிழ் படித்த எவரும் கண்டு வணங்கத்தக்கது. பெரும்பாறை ஒன்றின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள், வரிசைக்குப் பன்னிருவராக இரு வரிசையில், அமைதியாக வீற்றிருக்கின்றன. அக்குன்றிலேயே, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தியைக் கூறும் பழங்கல்வெட்டும் உண்டு. ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டினது என்று அறிஞர் கூறுவர். தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறுங் காலத்து வடிவங்களை அதிற் காணலாம். 'ஐ' என்னும் உயிரெழுத்துக் கல்வெட்டில் முதன்முதலாகக் காணப்படுவது அதில்தான் என்பர். ஐம்பத்தேழு என்னும் எண்ணுப்பெயரின் தொடக்கமாக அவ்வெழுத்து அமைந்துள்ளது. ஒருவர் பட்டினி கிடந்த நாட்களை எண்ணும்பொருட்டு ஓர் எழுத்துப் பாறையில் வந்து அமர்ந்திருக்கின்றது. பள்ளியில் அரிச்சுவடி எழுதும் சிறார்க்கு இதனைச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். தமிழ்ச் சமணர்களின் திருமடம் விளங்கும் மேல்சித்தாமூரும் இவ்வட்டாரத்ததே.

பொழுது சாயத் தொடங்கும் வேளையிற் சிங்கவரம் அடைவது பொருந்தும். நடை திறக்கும் நேரத்தைச் செஞ்சியிலேயே கேட்டறிந்து புறப்படுதல் நலம். குன்றின்மேற் படிகள் ஏறிச் சென்றால், பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கின்றார். வேறிடத்திலிருந்து கொணர்ந்து வைத்த திருமேனியன்று. மலையைக் குடைந்தபோதே தாய்ப்பாறையிற் செதுக்கிய திருமேனி. நீளம் ஏறத்தாழ 24 அடி. திருவரங்கத்து மூலவரினும் பெரிய உருவம் என்பர். இருண்ட குகையில் அருச்சகர் காட்டும் தீபம் திருமுடியிலிருந்து திருவடி நோக்கி நகர நகர, ஒவ்வோர் உறுப்பாகத் திருமேனி விளங்கும். குடைவரையைச் சார்ந்து அரங்கநாயகித் தாயாரும், பாறையில் வடித்த கொற்றவையும் உளர்.

தேசிங்கின் குலதெய்வம் இவரே. போருக்குப் புறப்படுமுன் இங்கே வந்து விடை வேண்டினான் என்றும், பெருமான் உடன்படாது திருமுகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும், அவன் கேளாமற் சென்றான் என்றும் ஊரார் கூறுவர். திருமுகம் சற்றே ஒருபால் திரும்பியிருப்பதை இன்றும் காட்டுகின்றனர். இது செவிவழிச் செய்தி. பல்லவர் காலத்துச் சிற்பி செதுக்கிய முகம் 1714-இல் எங்ஙனம் திரும்பும் என்று வினவுவோர் வினவலாம். ஆயினும் கதையின் உட்கிடையை நோக்குமிடத்து, அது கடவுளின் சினத்தைப் பேசுவதாகத் தோன்றவில்லை. இருபத்திரண்டு அகவை மைந்தன் சாவை நோக்கிக் குதிரையேறுவதைக் காணப் பொறாத தந்தை வேறென்ன செய்வார்? "போகாதே" என்று சொல்லிப் பார்ப்பார். கேளாவிடின் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவனை இழந்த ஊர், தன் துயரத்தைத் தன் பெருமானின் முகத்திற் கண்டது. அவ்வளவே.

கோபணாரியன் காலத்து நம்பெருமாள், மலையிற் கிடக்கும் இவ்வரங்கரின் அருகே விருந்தினராய் இருந்தார். நாடிழந்து வந்த திருமேனிக்கு நாள்தோறும் விளக்கேற்றி, அமுது படைத்து, ஒருநாள் திருவரங்கத்திற்கு வழியனுப்பியவர்கள் இக்குன்றின் அடியில் வாழ்ந்தோர். அவர்கள் பெயரை எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. இறங்கும்போது படியில் ஒரு முறை நின்று தெற்கே நோக்கினால், இராசகிரியின் உச்சி மாலை வெயிலிற் சிவந்து தோன்றும். சிங்கவரத்திலிருந்து செஞ்சிப் பேருந்து நிலையத்திற்குத் தொலைவு அதிகமில்லை; இருட்டுமுன் வந்து சேரலாம்.